விளம்பரத்தில் ஆறு தாண்டிய பிக்கப்

கேள்வி: விளம்பரத்தில் ஆற்றைக் கிழித்துக்கொண்டு போன ஃபோர்வீல் பிக்கப்பை நம்பி வாங்கினேன். குடும்பத்துக்கும் அதுதான் வண்டி. ஆறு தாங்கும் என்று விற்பனையாளரும் வாட்சாப்பில் சொன்னார். மழைக்காலத்தில் டுரியான் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஆற்றில் இறக்கினேன். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. வாரண்டியில் வராது, 31,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார்கள். கடைக்காரர் பாதியைத் தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன். இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வாங்க முடியுமா? – வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: விளம்பரத்தை விடுங்கள். படத்தில் வண்டி பறந்தாலும் அது வியாபாரப் பேச்சு என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறக்கலாம் என்ற அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும். பல பிக்கப்புகளுக்கு 700, 800 மில்லிமீட்டர். அதுவும் மெதுவாகப் போனால்தான். மழையில் பெருகி ஓடும் ஆற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரிதான். வாங்கும் முன்பே விற்பனையாளருக்கு வாட்சாப்பில், "தோட்டத்துக்கு ஆறு தாண்டித்தான் போகணும், தாங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். "கவலையே வேணாம் அண்ணே, ஆறெல்லாம் சாதாரணம்" என்று பதில் வந்திருக்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இதைத்தான் பிடித்துக்கொள்கிறது: இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அந்த உரையாடலை இன்றே பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கே அதுதான்.

மன உளைச்சல், கடையில் உட்கார வைத்து அலட்சியம் செய்தது, இதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். வழக்கில் காசு பெறாது.

என்னைப் பயமுறுத்துவது அந்த இரண்டு மாதத் தவணைதான். கோபத்தில் தவணையை நிறுத்தி வண்டியையே இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். வாடகைக் கொள்முதலில், அதாவது நீங்கள் தவணையில் வாங்கிய முறையில், கடன் முடியும்வரை வண்டி வங்கியுடையது. கடையோடு உங்களுக்குள்ள சண்டை வங்கிக்குத் தேவையில்லை. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு இழுத்துக்கொண்டு போகலாம். ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியை உங்களிடமே கேட்பார்கள். அதைவிட மோசம், வண்டியோடு உங்கள் சாட்சியமும் போய்விடும். எஞ்சினுக்குள் வளைந்த கனெக்டிங் ராடும் ஈரமேறிய ஏர் ஃபில்டரும் இல்லாமல் என்ன பழுது, எதனால் வந்தது என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? ஆகவே, கைமாற்று வாங்கியாவது பாக்கியைக் கட்டுங்கள். கழற்றிய பாகங்களைத் தூக்கி எறியக் கூடாது என்று பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள். அப்புறம், வெளி மெக்கானிக் ஒருவரிடம் பரிசோதனை அறிக்கை வாங்குங்கள்.

இன்னொன்று. "திடீர் வெள்ளம் என்று சொல்லி இன்சூரன்ஸ் கேளு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தாலும், நீங்களே ஆற்றில் இறக்கியது வெள்ளம் ஆகாது. அங்கே ஒரு கதை, இங்கே ஒரு கதை என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு இடத்திலும் பொய்யர் ஆவீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைதான் கேட்கலாம். வக்கீல் வரக் கூடாது, நீங்களே பேச வேண்டும். பழுதுச் செலவு அதற்குள் அடங்கும். வண்டி விலை முழுவதையும் கேட்டால் நீதிமன்றம்தான். வருடக்கணக்கில் இழுக்கும், ஜெயித்தாலும் வக்கீல் செலவு பாதியைத் தின்றுவிடும்.

கடைக்காரர் சொன்ன பாதியைத் தூக்கி எறிந்தது தப்பு. வாட்சாப் பிரதியோடு திரும்பப் போய் மூன்றில் இரண்டு பங்கு கேளுங்கள். பாதிக்குக் கீழே இறங்காதீர்கள். பாதிதான் கடைசி என்றால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். சமரசக் கடிதத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கும். மாற்றிய எஞ்சின் பாகங்களுக்கும் மீதி வாரண்டிக்கும் அது பொருந்தாது என்று அதிலேயே எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.