உப்பு ஊர் ஹாலே: கேள்வி பதில்

கிழக்கு ஜெர்மனியில் ஸாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாலே நகரைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலே என்றால் லைப்சிக் பக்கத்து ஊர்தானே?

இப்படிச் சொன்னால் ஹாலேக்காரர்களுக்குக் கோபம் வரும். ரயிலில் அரைமணி சொச்சம்தான், விமான நிலையமும் இரண்டு ஊருக்கும் பொது. ஆனால் குணம் வேறு. லைப்சிக் வியாபாரிகளின் ஊர், தன்னைக் காட்டிக்கொள்ளத் தெரிந்த ஊர். ஹாலே உப்புக் காய்ச்சியவர்களும் வாத்தியார்களும் வாழ்ந்த ஊர். இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

உப்பா? கடலே இல்லையே!

உப்பு பூமிக்கு அடியிலிருந்து வந்தது. இன்றைய ஹால்மார்க்ட் சதுக்கம் இருக்கும் பள்ளத்தில் உப்புநீர்க் கிணறுகள் இருந்தன. அந்த நீரை இறைத்து, பெரிய தட்டைச் சட்டிகளில் காய்ச்சி உப்பெடுத்தார்கள். அதில் வந்த பணம் கோயில்களாகவும் கோபுரங்களாகவும் ஆயிற்று. சண்டையும் கூடவே வந்தது. உப்பு முதலாளிகளும் கைவினைஞர் சங்கத்தாரும் மோதிக்கொண்டிருந்தபோது, 1478இல் அந்தப் பகுதியை ஆண்ட பேராயர் எர்ன்ஸ்ட் உள்ளே புகுந்து ஊரைக் கைப்பற்றினார். 1484இல் மோரிட்ஸ்பூர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கியதும் எதிரிக்குப் பயந்து அல்ல, சொந்த ஊர்க்காரர்களை அடக்கி வைக்கத்தான். இன்று அது ஓவிய அருங்காட்சியகம்.

உப்புத் தொழிலாளர்களுக்கு ஹாலோரன் என்று பெயர். 1804இல் தொடங்கிய இங்குள்ள சாக்லேட் ஆலைக்கும் அந்தப் பெயர்தான். அங்கே செய்யும் உருண்டை சாக்லேட், அவர்களுடைய சட்டைப் பொத்தானின் வடிவம்.

தமிழகம் வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு இங்கே படித்தவரா? தமிழுக்கும் ஹாலேக்கும் என்ன உறவு?

எதிர்பார்த்த கேள்வி. கொஞ்ச காலம் படித்தார். ஆனால் உறவுக்குக் காரணம் அவருடைய படிப்பைவிட ஃபிராங்கேயின் நிறுவனம்தான். ஆகஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே என்ற போதகர் 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அது அநாதை இல்லம், மருந்துக்கடை, அச்சகம், புத்தக வியாபாரம் என்று ஒரு குட்டி நகரமாகவே வளர்ந்தது. டென்மார்க் அரசர் அனுப்ப, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குக்குப் பின்பலமாக இருந்தது இந்த நிறுவனம்.

தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்ததால் காகிதம் எக்கச்சக்கமாகச் செலவானது. அப்புறம் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு, 1715இல் தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயிலேயே அச்சானது. ஆனால் நம்மூர்த் தெய்வங்களைப் பற்றி அவர் விரிவாக எழுதி அனுப்பிய நூலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மதம் மாற்றப் போனவர் இதையெல்லாம் ஏன் எழுதுகிறார் என்பது ஹாலேயின் எண்ணம். 1867இல்தான், அதுவும் சென்னையில், அது புத்தகமாக வந்தது. என்னைக் கேட்டால், அவர் எழுதியதிலேயே இன்றைக்கும் படிக்கத் தகுந்தது அதுதான்.

ஃபிராங்கே நிறுவனம் இன்னும் இருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன.

அப்படியானால் ரொம்ப பக்தியான ஊரோ?

இங்கே பக்திக்கும் பகுத்தறிவுக்கும் அடிதடியே நடந்திருக்கிறது. 1694இல் பல்கலைக்கழகம் வந்தது. அதில் கிறிஸ்டியான் வோல்ஃப் என்ற பேராசிரியர், கடவுள் வெளிப்பாடு இல்லாமலே சீனர்கள் நல்லொழுக்கத்தை அறிந்திருந்தார்கள் என்று 1721இல் பேசினார். ஃபிராங்கே தரப்பு கொதித்தது. 48 மணி நேரத்தில் நாட்டை விட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று 1723இல் பிரஷ்ய அரசர் உத்தரவு போட்டார். அடுத்த அரசர் 1740இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஏழைக் குழந்தைக்குச் சோறு போட்ட அதே ஆட்கள்தான் வாத்தியாரைத் துரத்தியதும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊர் புரியும். இதே பல்கலைக்கழகம் 1754இல் டொரோத்தியா எர்க்ஸ்லெபனுக்கு மருத்துவப் பட்டம் கொடுத்தது. ஜெர்மனியில் ஒரு பெண் அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல்முறை.

இசையமைப்பாளர் ஹேண்டல் பிறந்த ஊர் இதுதானே?

ஆமாம், 1685இல். 18 வயதில் ஹாம்பர்க் போய்விட்டார், பிறகு லண்டன்தான் அவருக்கு ஊர். ஆனாலும் சந்தைச் சதுக்கத்தில் சிலை உண்டு, ஆண்டுதோறும் விழா உண்டு.

போரில் ஊர் அழிந்துவிட்டதா?

மற்ற ஜெர்மன் பெருநகரங்களோடு ஒப்பிட்டால் சேதம் குறைவு. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நெருங்கியபோது, கவுண்ட் ஃபெலிக்ஸ் ஃபான் லுக்னர் முதலானோர் அவர்களோடு பேசி, ஊரைக் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றினார்கள். தப்பிய வீடுகளை அப்புறம் கம்யூனிச ஆட்சியின் அலட்சியம் தின்றது. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்காமல், லோய்னா, பூனா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964 முதல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹாலே-நோய்ஷ்டாட் என்ற அடுக்குமாடி நகரைக் கட்டினார்கள். 90,000 பேருக்கு மேல் வாழ்ந்த இடம். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, கட்டட எண் மட்டும்தான். 1990இல் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் இணைந்ததும் ஆலைகளில் வேலை போயிற்று, இளைஞர்கள் மேற்கே போனார்கள். பழைய ஊரைப் பழுதுபார்க்கும் வேலை அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

மகள் அங்கே படிக்க வருகிறாள். இனவெறி பயம் உண்டா?

மூடி மறைக்க மாட்டேன். 2019 அக்டோபர் 9, யூதர்களின் யோம் கிப்பூர் என்ற புனித நாளில், ஒரு வலதுசாரி வெறியன் இங்குள்ள யூத ஆலயத்தைத் தாக்கினான். கதவு தாங்கியதால் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இருவரைக் கொன்றான். வெளிநாட்டு மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், பல்கலைக்கழக வட்டாரம் இணக்கமானது. இருந்தாலும் நள்ளிரவில் தனியாக டிராமுக்குக் காத்திருக்காமல், தோழிகளோடு சேர்ந்து வரச் சொல்லுங்கள்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

காலையில் சந்தைச் சதுக்கம். மார்க்ட் தேவாலயத்தின் நான்கு கோபுரங்களும் தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரமும்தான் ஊரின் அடையாளம். 1546இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் உடலை விட்டன்பெர்க் கொண்டு போகும் வழியில் ஓர் இரவு அந்தத் தேவாலயத்தில் வைத்திருந்தார்கள். அவருடைய மரண முகமூடியும் அங்கே இருக்கிறது. அப்புறம் ஃபிராங்கே நிறுவனத்தின் அதிசயப் பொருள் அறை. மதியம் மாநிலத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் நெப்ரா வான்தட்டு: சூரியன், பிறை, நட்சத்திரங்கள் பதித்த, சுமார் 3,600 ஆண்டு பழைய வெண்கலத் தட்டு. 1999இல் புதையல் திருடர்கள் தோண்டியெடுத்ததை 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் போலீஸ் மீட்டது. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.