பல் டாக்டர் ஊசியில கொக்கேனா?

கேள்வி: டாக்டர், போன வாரம் பல்லு புடுங்க ஊசி போட்டாங்க, உதடு மரத்துப்போயி தே தாரிக் குடிச்சா வாயோரமா வழிஞ்சுது. அது கொக்கேன் ஊசின்னு தாத்தா பயமுறுத்துறாரு, நெஜமாவா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: பயப்படாதீங்கம்மா, இப்ப பெரும்பாலும் போடுறது லிக்னோகைன்னு ஒரு மரப்பு மருந்து, அதுல கொக்கேன் இல்ல. ஆனா தாத்தா சொல்றது சும்மா இல்ல, மரத்துப்போக வெக்கிற வைத்தியமே கொக்கேன்லதான் ஆரம்பிச்சது. 1884ல வியன்னாவுல கார்ல் கொல்லர்னு ஒரு இளம் டாக்டர் கொக்கேன் கரைசல தவளை கண்ணுல விட்டுப் பாத்துட்டு, அப்புறம் தன் கண்ணுலயே விட்டு குண்டூசி தலையால தொட்டாரு, வலியே தெரியல! அதுக்கு முன்னாடி கண் ஆபரேஷன்னா பல பேரு முழிச்சிக்கிட்டே வலிய தாங்கணும், நெனச்சாலே எனக்கு பதறுது. நரம்புல சோடியம் உள்ள போற வாசல கொக்கேன் அடைச்சிடும், வலி சேதி மூளைக்குப் போகாது, லிக்னோகைனும் இதையேதான் செய்யுது. ஆனா கொக்கேன் மூளையில டோபமைன்ங்கிற, சந்தோஷ உணர்வுக்கான ரசாயனத்த நரம்புக்குள்ள திரும்பப் போகவிடாம தேக்கி போதை ஏத்தும், ரத்தக்குழாய சுருக்கி இதயத்தையும் பாதிக்கும். அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் தன் மேலயே ஊசி போட்டு சோதிச்சு அதுக்கே அடிமையாயிட்டாரு, எவ்ளோ பெரிய டாக்டர், மனசு கேக்கல. இனிமே ஊசி போட்டா மரப்பு போறவரைக்கும் சூடா எதுவும் குடிக்காதீங்க, உதடு வெந்தாலும் தெரியாது.