புளிக்கிறதா, வலிக்கிறதா? – கடிதம்

வணக்கம் சார்,

சீனாவில் நீங்கள் இருந்த ஆறு வருடங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, கடைவீதி, துணி வியாபாரம் எல்லாம் வந்தது. உடம்பு முடியாமல் போன நாட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த மாதம் வேலைக்காக குவாங்சோ போகிறேன், எனக்கு இருக்கும் ஒரே பயம் அதுதான். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துச் சமாளிக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். முடியுமா?

– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

எங்கே வலிக்கிறது என்று காட்ட விரல் போதும். எப்படி வலிக்கிறது என்று கேட்கும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் இருந்தது ஷாவ்ஷிங்கில், கச்சியாவ் ஜவுளிச் சந்தையை ஒட்டி. இரண்டாம் வருடக் குளிரில் தோள்பட்டை பிடித்துக்கொண்டு வலது கை மேலே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவுச் சீட்டுக்கு ஒரு பணம், எக்ஸ்ரேவுக்கு ஒரு பணம், மருந்துக்கு ஒரு பணம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வரிசையில் நிற்க வேண்டும். (இப்போது போனிலேயே கட்டிவிடலாம்.) டாக்டர் அறைக் கதவு திறந்தே கிடந்தது. எனக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் என்னோடு சேர்ந்து என் எக்ஸ்ரேவைப் பார்த்தார்கள். ஒருவர் கருத்தும் சொன்னார்.

டாக்டர், "சுவானா, தெங்கா?" என்றார். தெங் தெரியும், வலி. சுவான் என்றால் புளிப்பு, நூடுல்ஸ் கடையில் கற்ற சொல். செயலியை நீட்டினேன், அதுவும் புளிப்பு என்றே காட்டியது. காலையில் சாப்பிட்டதைக் கேட்கிறாராக்கும் என்று, "இல்லை, இனிப்பு. சோயாப் பால்" என்றேன். பின்னால் நின்றவர்களுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போனது.

சுவான் நம்முடைய உளைச்சல். மலையேறி இறங்கிய மறுநாள் கால் உளையுமே, அதைத்தான் அவர்கள் கால் புளிக்கிறது என்பார்கள். மரத்துப்போனால் 'மா'. சிச்சுவான் மிளகு நாக்கை என்ன செய்கிறதோ அதற்கும் அதே சொல். உப்பிக்கொண்டு அழுத்தினால் 'ஜாங்'. குடைச்சல், கடுப்பு, குத்தல் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதெல்லாம் சுலபம். செயலி ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனால்தான் அர்த்தம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இந்தச் சொற்களை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், சூடு. வாய்ப்புண் வந்தால் 'ஷாங்ஹுவோ', நெருப்பு ஏறிவிட்டது என்பார்கள். எண்ணெய்ப் பலகாரத்தையும் லிச்சிப் பழத்தையும் திட்டுவார்கள். உங்கள் அம்மா பேசுவது போலவே இருக்கும். அதற்கென்றே குவாங்சோ தெருக்களில் கசப்பு மூலிகைத் தேநீர் விற்கிறார்கள். நிலவேம்பு குடித்த நாக்குக்கு அது ஒன்றுமில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் வெந்நீர். 1952இல் தொடங்கிய தேசபக்த சுகாதார இயக்கம், கொதித்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிப் பழக்கியது. இன்று காதலி காய்ச்சலில் படுத்தால் "நிறைய வெந்நீர் குடி" என்று மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் பையன்களைப் பெண்கள் கிண்டல் செய்கிறார்கள்.

கழுத்திலிருந்து தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். எதிர்வீட்டில், பேரனைப் பார்த்துக்கொள்ள ஹெனானிலிருந்து வந்திருந்த பாட்டி. என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து "ஷின்தெங்" என்றார். ஷின் என்றால் இதயம். பதறிப்போய், 120க்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்றேன். பாட்டிக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. உன்னைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான் அதன் அர்த்தம். பேரன் மேல் வைத்திருக்கும் பாசத்துக்கும் அதே தெங்தான். அதன் சீன எழுத்தைப் பார்த்தால், நோயைக் குறிக்கும் கூரை போன்ற குறிக்கு அடியில் குளிர்காலம் என்ற எழுத்து உட்கார்ந்திருக்கும். உச்சரிப்புக்காக வைத்தது என்கிறார்கள். அந்த டிசம்பரில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சற்று நேரத்தில் வெள்ளைக் கஞ்சியும் ஊறுகாயும் கொண்டுவந்தார். இதற்கு ஆங்கிலக்காரன் வைத்திருக்கும் 'கான்ஜி' என்ற பெயரே எங்கள் 'கஞ்சி'தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. என் சீனம் அவ்வளவு தூரம் போகவில்லை. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பாட்டி வெந்நீர் எடுத்துவர எழுந்து போனார்.