தம்பியின் மூளையில் ரத்தக்குழாய் முடிச்சு: எப்போது வெடிக்கும் என்று ஸ்கேன் சொல்லுமா?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது, பினாங்கின் பிறையில் தொழிற்சாலை வேலை. தலைவலிக்காக எடுத்த எம்ஆர்ஐயில் மூளை ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடப்பதாகத் தெரிந்தது. ‘ஏவிஎம்’, 2.5 செ.மீ., கிரேடு 2 என்று எழுதியிருக்கிறார்கள். வலிப்பு வந்ததில்லை. எப்போது வெடிக்கும் என்று ஸ்கேனில் தெரியாதா டாக்டர்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பதாக வேறு வேண்டிக்கொண்டிருக்கிறான். அம்மா ராத்திரி எழுந்து எழுந்து அவன் மூச்சு விடுகிறானா என்று பார்க்கிறார்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் அம்மா தூங்கட்டும். இதுவரை கசியாத ஏவிஎம் உள்ள 100 பேரில் ஓர் ஆண்டில் சுமார் 2 பேருக்குத்தான் ரத்தக்கசிவு வருகிறது. ஆனால் தம்பிக்கு 28 வயதுதான். அந்த 2 ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

தமனியில் வேகமாக வரும் ரத்தம் தந்துகிகள் என்னும் நுண்ணிய குழாய்களில் பிரிந்து, அழுத்தம் தணிந்த பிறகே சிரைக்குள் போகும். ஏவிஎம்மில் அந்தத் தந்துகிகளே இல்லை. தமனியின் முழு வேகமும் மெல்லிய சிரையின் சுவரில் போய் மோதுகிறது.

வெடிக்கும் நாளை எந்த ஸ்கேனும் சொல்லாது. எம்ஆர்ஐ சொல்லக்கூடியது வேறொன்று: இது முன்பே சத்தமில்லாமல் கசிந்திருக்கிறதா என்பது. என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் ஒருமுறை கசிந்ததற்கு மறுபடி கசியும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். பழைய ரத்தம் கரைந்து போனாலும் அதன் இரும்புச்சத்து அங்கேயே தங்கிவிடும். ‘எஸ்டபிள்யூஐ’ என்ற வகைப் படத்தில் அது கண்மையைத் தொட்டு வைத்தது போலக் கறுப்பாகத் தெரியும். ‘ரத்தக்கசிவு இல்லை’ என்ற அறிக்கையுடன் வந்த ஒருவரின் எம்ஆர்ஐ படங்கள் உள்ள குறுந்தட்டை (சிடி) போட்டுப் பார்த்தபோது, முடிச்சின் ஓரத்தில் அப்படி மூன்று புள்ளிகளைக் கண்டிருக்கிறேன். அதனால் மருத்துவரிடம் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், சிடியையும் கொண்டுபோங்கள். எஸ்டபிள்யூஐ எடுத்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

முடிச்சு மூளையின் ஆழத்தில் இருக்கிறதா, ரத்தம் ஆழ்சிரைகள் வழியாக மட்டுமே வடிகிறதா என்பதையும் எம்ஆர்ஐயில் பார்க்கலாம். இரண்டுமே ஆபத்தைக் கூட்டுபவை. முடிச்சுக்குப் போகும் தமனியில் சிறு புடைப்பு இருந்தால் அதுவும் ஆபத்துதான், ஆனால் எம்ஆர்ஐ அதைத் தவறவிடலாம். அதற்குத் தொடை அல்லது மணிக்கட்டு வழியாகச் செய்யும் ஆஞ்சியோகிராம்தான் சரி. ரத்தத்தின் வேகத்தையே அளக்கும் புதிய எம்ஆர்ஐ முறைகளும் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றை மட்டும் நம்பி இன்று யாரும் முடிவெடுப்பதில்லை.

‘கிரேடு 2’ என்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது வெடிக்கும் ஆபத்தின் அளவே இல்லை. அறுவை சிகிச்சை செய்தால் எவ்வளவு சிக்கல் வரும் என்று கணிக்க 1986இல் வகுத்த அளவு. 5 வரை உள்ள அதில் 2 நல்ல செய்தி.

சிகிச்சை வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கசியாத ஏவிஎம் உள்ள 223 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான ‘அருபா’ ஆய்வில், முடிச்சை அகற்றவோ அடைக்கவோ சிகிச்சை செய்துகொண்டவர்களைவிட, மருந்தோடு மட்டும் இருந்தவர்களே மூன்றாண்டு அளவில் நன்றாக இருந்தார்கள். ஆனால் அது மூன்றாண்டுக் கணக்கு; தம்பிக்கு முன்னால் ஐம்பது ஆண்டு இருக்கிறதே! அவர் வயதில், சிறிய முடிச்சுக்கு, அறுவை சிகிச்சை பற்றியும் கதிர்வீச்சு பற்றியும் நரம்பியல் அறுவை மருத்துவரிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். கதிர்வீச்சு முடிச்சை அடைக்க இரண்டு, மூன்று ஆண்டாகும். அதுவரை கசியும் ஆபத்து இருக்கும்.

ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். சிகரெட் பிடித்தால் நிறுத்தட்டும். தலைவலிக்குத் தானாக ஆஸ்பிரின் போட வேண்டாம். இதுவரை இல்லாத கடும் தலைவலி திடீரென வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் விழுந்தாலோ கிளினிக்குக்கு அலையாமல் 999ஐ அழையுங்கள்.

காவடி பற்றி: அதனால் வெடிக்கும் என்று நிரூபணம் இல்லை. ஆனாலும் விரதம், தூக்கமின்மை, பாரம், 500க்கும் மேற்பட்ட படிகள் எல்லாம் ஒரே நாளில், அதுவும் முடிவு தெரியாத நிலையில், வேண்டாம் என்றே என் சொந்தத் தம்பிக்கும் சொல்வேன். இந்த ஆண்டு நிதானமாக ஏறிக் கும்பிட்டு வரட்டும். இதை அம்மாவிடம் சொல்லும்போது தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.