மேடவாக்கத்தில் ஊதாத் தவளையா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் வாழைக்கன்று வைக்கக் குழி தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து உருண்டையாக ஒரு தவளை வந்தது. படத்தைப் பார்த்த உறவினர்கள், "அபூர்வமான ஊதாத் தவளை, வனத்துறைக்குச் சொல்" என்கிறார்கள். அதுதானா? என்ன செய்வது?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: அது இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் முதுகு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, அதன் மேல் கருந்திட்டுகள், வயிறு வெள்ளை, முகம் மொட்டையாக இருக்கிறது. இது யூபெரோடான் சிஸ்டோமா என்கிற பலூன் தவளை. சீண்டினால் உப்பிக்கொள்ளும். கிண்டி தேசியப் பூங்காவிலும் இருக்கிறது. ஊதாத் தவளைக்கு உடம்பில் திட்டே கிடையாது. ஒரே கருஊதா நிறம். மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும்.

ஏமாந்ததில் தப்பில்லை. இரண்டுமே பின்னங்காலால் மண்ணைத் தள்ளிப் புதைகிறவை, கறையான் தின்கிறவை. ஒரே பிழைப்பு, அதனால் ஒரே உடல்வாகு. உறவு மட்டும் கிடையாது. உங்களுடையது மைக்ரோஹைலிடே குடும்பம். ஊதாத் தவளைக்கோ தனிக் குடும்பம், நாசிகாபட்ராகிடே. 2003இல் தவளை ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி பொசைட்டும் கேரளத்து இடுக்கியிலிருந்து அதைப் புதிய இனமாக விவரித்தபோதுதான் அந்தக் குடும்பமே வகுக்கப்பட்டது. இன்று உயிரோடிருப்பவற்றில் அதற்கு நெருங்கிய சொந்தம் செஷல்ஸ் தீவுகளில் இருக்கும் சின்னஞ்சிறு தவளைகள். இந்தியாவும் செஷல்ஸும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதற்கும் முந்திய உறவு அது.

தமிழ்நாட்டிலேயே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைச்சரிவிலிருந்து 2017இல் இரண்டாவது இனத்தை விவரித்தார்கள்: நாசிகாபட்ராகஸ் பூபதி. மறைந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக வைத்த பெயர். கேரள இனம் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிட வெளியே வரும். கிழக்குச் சரிவில் இருக்கும் இது வடகிழக்கு மழைக்கு வரும்.

சென்னையில் வடகிழக்கு மழைதானே கொட்டுகிறது, இங்கே ஏன் இல்லை என்று கேட்பீர்கள். தலைப்பிரட்டையைப் பாருங்கள். ஊதாத் தவளையின் தலைப்பிரட்டைக்கு வாய் ஓர் உறிஞ்சி. மலை ஓடையில் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்போது பாறையைக் கவ்வியபடி வளரும். நம் ஏரியிலும் குட்டையிலும் அதற்கு வேலையில்லை. பலூன் தவளைக்கு மழையில் தேங்கும் குட்டையே போதும். அதனால்தான் அது சமவெளியெங்கும் பரவியிருக்கிறது. ஒரு தவளையின் எல்லையைப் பெரிதும் அதன் குஞ்சுதான் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

வனத்துறைக்குச் சொல்ல வேண்டாம். வாளியில் போட்டு வளர்க்கவும் வேண்டாம். ஈரக் கையால் எடுத்து, அதே தோட்டத்தில் நிழலான, இளகிய மண்ணில் விட்டால் தானே இறங்கிவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கன்றைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மண்ணில் பூச்சிமருந்து கொட்டாதீர்கள். நல்ல மழை இரவில் பக்கத்துக் குட்டையில் ஆண் தவளைகள் கத்தும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, எங்களைப் போன்றவர்கள் தேடிப் போவதும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான். கேட்டால் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். அடுத்த முறை முகத்தைப் பக்கவாட்டிலும் உள்ளங்காலையும் சேர்த்துப் படம் எடுங்கள்; முதுகுப் படத்தை மட்டும் வைத்து எல்லாத் தவளையையும் சொல்லிவிட முடியாது.