பழைய புல்லட் 350: எஞ்சினை முதன்முதலாகப் பிரிக்கிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, சென்னை திருவொற்றியூரில் தயாரித்த 350 புல்லட்டைப் பற்றியதுதான் இங்கே வந்த கேள்விகளில் முக்கால்வாசி. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். காஸ்ட் அயர்ன் பேரல் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), 70 மி.மீ. போர் (உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சி.சி., பாயின்ட் செட் (திறக்கும்போது ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்ச்), நாலு கியர். பதில்கள் அந்த எஞ்சினுக்கே.

எர்ணாவூர்: அண்ணே, 1984 ஸ்டாண்டர்டு, அப்பா வண்டி. ஒன்பது வருஷமா மாடிப்படிக்குக் கீழ கிடக்கு. கிக்கர் இறங்கவே இல்ல. என்னென்ன டூல்ஸ் வாங்கணும், எங்க ஆரம்பிக்கறது?

கிக்கர் இறங்கவில்லை என்றால் பிஸ்டன்தான் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள் தம்பி. கிக்கர் ராட்செட் துருப்பிடித்திருந்தாலும் இதேதான் நடக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றி, பிளக் ஓட்டையில் காற்று புஸ் என்று வந்தால் எஞ்சின் ஃப்ரீ. கல்லு மாதிரி நின்றால் சீஸ், அதாவது பிஸ்டன் பேரலில் பிடித்துவிட்டது.

சீஸ் என்றால் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து பிளக் ஓட்டை வழியே 50 மி.லி. ஊற்றுங்கள். அசிட்டோன் பட்டால் பெயின்ட் உரியும், டேங்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றி, ஒரு முறை சக்கரத்தை அசைத்து, ஒரு வாரம் பொறுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டலாம். நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் பிஸ்டன் தலை உடையும், பிஸ்டனை க்ராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். 400 ரூபாய் எண்ணெயில் முடிய வேண்டியது க்ராங்க் (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வரை போய்விடும்.

டூல்ஸில் ஒரு விஷயம். இந்த வண்டியின் நட்டுகளில் பாதிக்கு மேல் பழைய பிரிட்டிஷ் அளவு, பல ஸ்டட்களில் அங்குலத்துக்கு 26 புரி. மெட்ரிக் ஸ்பானர் ஏறக்குறைய உட்காரும், அந்த ஏறக்குறையில்தான் நட்டு மூலை மழுங்குகிறது. விட்வொர்த் அளவில் 3/16, 1/4, 5/16, 3/8 ரிங் ஸ்பானர் போதும். பாரிமுனைப் பக்கம் பழைய டூல்ஸ் கடைகளில் தேடினால் புதுசை விட நல்ல இரும்பாகவே கிடைக்கும். இதோடு ஃபீலர் கேஜ், இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர், டைமிங் பினியன் புல்லர், கிளட்ச் புல்லர், டார்க் ரெஞ்ச். உதிரிப் பாகம் எதையும் இப்போதே வாங்காதீர்கள். அளந்த பிறகுதான் எது வேண்டும் என்றே தெரியும்.

கொருக்குப்பேட்டை: ஹெட் வந்துடுச்சு. பேரல் மட்டும் அரை நூல் தூக்குது, அதுக்கு மேல வரல. ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பலாமா?

நெம்பாதீர்கள். டேப்பட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பேரலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நட்டு இருக்கும். வெளியே தெரிகிறதை மட்டும் கழற்றிவிட்டு நெம்பினால் பேரலின் அடி விளிம்பு உடையும். பழைய இரும்பு, வெல்டிங் நிற்காது.

வியாசர்பாடி: லேத்ல காட்டினேன், ரிங் மட்டும் மாத்தினா போதும்னு ஒருத்தர், போர் அடிச்சே (பேரலை உள்ளே குடைஞ்சு பெருசாக்கியே) ஆகணும்னு இன்னொருத்தர். யாரை நம்பறது சார்?

இரண்டு பேரையும் விட்டுவிட்டு போர் கேஜை (உள்விட்டம் அளக்கும் கருவி) நம்புங்கள். பிஸ்டன் முன்னும் பின்னும்தான் சுவரை உரசுகிறது. அதனால் முன்-பின் திசையில் ஒரு அளவு, பக்கவாட்டில் ஒரு அளவு, இப்படி மேலே, நடுவே, கீழே என்று மொத்தம் ஆறு அளவு எடுக்கச் சொல்லுங்கள். மேல் ரிங் ஓடுகிற இடம்தான் அதிகம் தேயும். அதற்கும் ரிங் தொடாத அடிப்பகுதிக்கும் வித்தியாசம் 7, 8 தவ்வை (ஒரு தவ் = அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால், அதாவது 0.2 மி.மீ. அளவுக்குப் போய்விட்டால், போர் அடிப்பதைத் தவிர வழியில்லை.

கேஜ் இல்லாத இடத்தில் நகம் பேசும். பேரலின் மேல் விளிம்பிலிருந்து கீழே நகத்தால் தடவுங்கள். படி மாதிரி தட்டுகிறதா? அந்தப் பேரலில் ரிங் மட்டும் போட்டால், புது ரிங்கின் கூர்மையான விளிம்பு படியில் இடித்து சில நாளில் உடையும். பழைய ரிங் அந்தப் படிக்கு ஏற்பத் தேய்ந்திருந்ததால்தான் இதுவரை இடிக்கவில்லை.

ஏற்கெனவே எத்தனை போர் அடித்திருக்கிறது என்று பழைய பிஸ்டனின் தலையில் இருக்கும். 020 என்றால் 20 தவ், போர் 70.5 மி.மீ. அளவு. 040 என்றால் 71 மி.மீ.-ஐ ஒட்டி. பிஸ்டன் கையில் வந்த பிறகே பேரலை லேத்துக்குக் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்க வேண்டும், பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பார்த்து அல்ல. ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் அடிப்பக்கம்) 3 முதல் 4 தவ் இடைவெளி கேளுங்கள். டைட்டாக அடித்துக் கொடுப்பதைச் சில பட்டறைகளில் பெருமையாகச் சொல்வார்கள். மே மாத வெயிலில், மூலக்கடை சிக்னலில் நிற்கும்போது, சூட்டில் பிஸ்டன் பிடித்து, அந்தப் பெருமை தெரிந்துவிடும்.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுமுன் பேரலுக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் ஓர் அங்குலம் சமமாகத் தள்ளி, வாய் இடைவெளியை அளங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் வாய் முட்டி ரிங் பேரலைக் கீறும்.

போர் அடித்து வந்த பேரலைப் பெட்ரோலில் மட்டும் கழுவினால் ஹோனிங் துகள் போகாது. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்க்க வேண்டும். துடைத்த கையோடு எஞ்சின் ஆயில் பூசிவிடுங்கள். நம் பக்கத்துக் கடற்காற்றில், டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்பழுப்பு படிந்துவிடும்.

தண்டையார்பேட்டை: கனெக்டிங் ராடு இடமும் வலமும் ஆடுது. க்ராங்க் போச்சா?

பக்கவாட்டு ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். பழைய 350-ல் பிக் எண்டில் (ராடு க்ராங்க்கைப் பிடிக்கும் முனை) ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான் (வழுவழுப்பான உலோக வளையம்). பிஸ்டனைக் கழற்றிவிட்டு, ராடை இரண்டு கையாலும் பிடித்து நேர் மேலே இழுங்கள், நேர் கீழே அமுக்குங்கள். துளியும் ‘டக்’ என்று உணரக்கூடாது. உணர்ந்தால் புஷ்ஷும் பின்னும் மாற்ற வேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது. பிரஸ்ஸும், சென்டரில் வைத்து ட்ரூ (கோணாமல் நேராகச் சுற்றுகிறதா என்று) பார்க்க டயல் கேஜும் உள்ள பட்டறைக்குக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது இரண்டு பக்க ஷாஃப்ட்டிலும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். 2 தவ்வுக்கு மேல் முள் ஆடினால் வாங்காதீர்கள்.

ராயபுரம்: டைமிங் பக்கம் க்ராங்க் நட்டு சுத்தமா கழலல தலைவா. சூடு பண்ணட்டுமா?

சூடும் வேண்டாம், பைப் போட்டு இழுக்கவும் வேண்டாம். ஆயில் பம்பைச் சுற்றுகிற அந்த வோர்ம் நட்டு இடப்புரி. கடிகார முள் திசையில் திருப்புங்கள், வரும். இவ்வளவு நேரம் நீங்கள் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். வீல்களை எடுக்கும் முன், பினியனிலும் கேம் வீல்களிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் வரும்படி எஞ்சினைச் சுற்றி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்: வால்வு லேப்பிங் (பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டோட தேய்ச்சுப் பொருத்தறது) சரியா வந்துச்சான்னு எப்படித் தெரியும்?

சீட்டில் (வால்வு உட்காரும் இடம்) சுற்றிலும் விடாத சாம்பல் நிற வளையம், அகலம் ஒன்றரை மி.மீ. அளவுக்கு. ஸ்பிரிங் போட்டபின் ஹெட்டைக் கவிழ்த்து, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். வால்வு ஓரத்தில் கசிந்தால் மறுபடி லேப்பிங். கைடில் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) வால்வு ஆடினால் முதலில் கைடை மாற்றுங்கள். லேப்பிங் அப்புறம்தான்.

காசிமேடு: எல்லா பேக்கிங்குக்கும் சிலிகான் தடவி மூடிட்டேன், ஒரு சொட்டு லீக் இல்ல. ஆனா 60 கிலோமீட்டர்ல பிக் எண்ட் தட்டுது. புது புஷ் அண்ணே!

லீக் இல்லை என்பதே இங்கே சந்தேகப்பட வேண்டிய விஷயம். வெளியே எவ்வளவு சிலிகான் பிதுங்குகிறதோ, உள்ளேயும் அவ்வளவு பிதுங்கும். வெளியே இருப்பதைத் துடைத்துவிட்டீர்கள். உள்ளே இருப்பது நூல் நூலாகப் பிய்ந்து எண்ணெய்த் துளைக்குப் போகிறது. புஷ் வகைப் பிக் எண்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் நிற்கிறது. சில நிமிடம் எண்ணெய் வராவிட்டாலே தேய ஆரம்பித்துவிடும்.

டைமிங் கவரைத் திறங்கள். பம்ப் குழி, ஃபில்டர் அறை, கவருக்குள் ஓடும் துளைகள் எல்லாவற்றிலும் மெல்லிய கம்பி விட்டு, பிறகு கம்ப்ரஸர் காற்று அடியுங்கள். அடுத்து, கவரின் உட்பக்கம் க்ராங்க் முனைக்கு நேரே உள்ள குழியைப் பாருங்கள். அதில் ஒரு சின்னக் கார்க் சீல் உட்கார்ந்திருக்கும். பம்ப் அனுப்புகிற எண்ணெய் க்ராங்க்குக்குள் நுழைகிற வாசல் அதுதான். அந்தச் சீல் காய்ந்து சுருங்கியிருந்தாலோ, மூடும்போது ஓரம் மடிந்திருந்தாலோ, எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் அங்கேயே வழிந்து இறங்கிவிடும். வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. கவரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுச் சீல், மாட்டுமுன் எண்ணெயில் ஊறவைத்து. கவரைக் கையால் அழுத்தி மூடும்போது கடைசித் துளியில் ஸ்பிரிங் மாதிரி லேசாக எதிர்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் போய் உட்கார்ந்தால் சீல் பிடிக்கவில்லை.

பேக்கிங்குக்குப் பேப்பரும் லேசாக கிரீஸும் போதும். லீக் ஆகிறது என்றால் முதலில் ப்ரீத்தரை (எஞ்சினின் உள்காற்று வெளியேறும் வழி) பாருங்கள். க்ராங்க் கேஸின் ப்ரீத்தர் ரப்பர் அடைத்துக்கொண்டால் உள்காற்று எல்லா மூட்டு வழியாகவும் எண்ணெயைத் தள்ளும்.

மறுபடி பூட்டியதும் ஃபில்டர் அறையை எண்ணெயால் நிரப்பி மூடுங்கள். மொத்தம் 2 முதல் 2¼ லிட்டர் 20W50. பிளக்கைக் கழற்றி வைத்து நாற்பது, ஐம்பது கிக் கொடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் டைமிங் கவரில் உள்ள ஃபீட் பிளக்கைக் கால் திருகு தளர்த்தினால் எண்ணெய் வழிய வேண்டும். ஹெட்டுக்குப் போகிற மெல்லிய பைப்பின் போல்ட்டைத் தளர்த்தினால் அங்கேயும் வர வேண்டும், அது ரிட்டர்ன் பம்ப் வேலை செய்வதற்குச் சாட்சி. அரை நிமிடத்தில் வராவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள்.

மணலி: 2023 மிக்ஜாம் வெள்ளத்துல டேங்க் வரைக்கும் தண்ணி நின்ன வண்டி. அப்ப ஆயில் மட்டும் மாத்தி வெச்சேன், ஓட்டல. இப்ப ஸ்டார்ட் பண்ணலாமா?

கூடாது. இந்த எஞ்சினில் எண்ணெய்த் தொட்டியும் க்ராங்க் கேஸிலேயே வார்த்திருக்கிறது. இரண்டு ட்ரெய்ன் பிளக்கையும் திறந்தாலும் அடியில் படிந்த சேறு வராது. வந்தது மழைநீர் மட்டுமும் அல்ல, அந்தப் பக்கம் எண்ணெய்க் கழிவும் கலந்திருந்தது. முழுசாகப் பிரிக்க வேண்டிய கேஸ். மெயின் பேரிங்கை டீசலில் கழுவி, காய்ந்தபின் காதருகே வைத்துச் சுற்றுங்கள். கரகரவென்றால், அல்லது பாதையில் கரும்புள்ளி தெரிந்தால், மாற்றுங்கள். கியர்பாக்ஸ், ப்ரைமரி கேஸ் இரண்டையும் மறக்காதீர்கள்.

புளியந்தோப்பு: எஞ்சின் பூட்டியாச்சு ப்ரோ. கிக் அடிச்சா திருப்பி அடிக்குது, கணுக்கால் வீங்கிடுச்சு.

டைமிங் அட்வான்ஸாக (ஸ்பார்க் முந்தி வருவது) இருக்கிறது. முதலில் பாயின்ட்டுக்கு அடியில் உள்ள அட்வான்ஸ் எடைகளைப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்தோ துருவாலோ விரிந்த நிலையில் சிக்கியிருந்தால், எவ்வளவு செட் பண்ணினாலும் காலை உடைக்கும். அது சரியென்றால் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இதை முதலில் செய்ய வேண்டும், இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும்.

பிறகு இரண்டு புஷ் ராடும் (வால்வுகளைத் தள்ளும் கம்பிகள்) ஃப்ரீயாக இருக்கிற கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் போய், முன்னோக்கிச் சுற்றிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிறுத்துங்கள். அப்போதுதான் கியர் ஆட்டம் கணக்கில் வராது. பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் அதன் வழியே குச்சி விட்டு அளந்தால் தப்பு வரும். ஹெட் கழற்றியிருக்கும்போதே வெர்னியரால் அளந்து, ஆல்டர்னேட்டர் ரோட்டரில் கீறல் போட்டு வைத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். திறப்பதைக் கண்டுபிடிக்க லைட்டை அணைத்து இக்னிஷனைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது ஆம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறக்கிற நொடியில் நடுவுக்கு வரும்.

டேப்பட்டில் இடைவெளியே வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

திருவொற்றியூர்: ரன்னிங்-இன் எவ்வளவு? இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் ஒத்துக்குமா?

முதல் 500 கி.மீ. வேகம் 50-க்குள், ஆனால் டாப் கியரில் திணறவிடாமல். முதல் ஆயிலை 100-லேயே மாற்றிவிடலாம், மறுபடி 500-ல். ஹெட் நட்டுகளை முதல் சூடு ஆறியபின் குறுக்கு வரிசையில் ஒருமுறை இறுக்குங்கள், பிறகு டேப்பட் பாருங்கள். 20 சதவீத எத்தனாலில் பழைய ரப்பர் பைப்பும் டேப் வாஷரும் ஊறிப் பிசுபிசுக்கும், புதுசு போடுங்கள். கார்ப்ரேட்டர் லீனாக (பெட்ரோல் குறைவாகக் கலந்து) ஓடும், பிளக் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் கார்ப்ரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

மூலக்கடை: க்ராங்க் கேஸ் வெடிப்பு. புதுப்பேட்டைல பழைய கேஸ் கிடைக்குது, வேற நம்பர். என் நம்பரையே அடிச்சுத் தரேன்னும் சொல்றாங்க.

அடிக்கவே அடிக்காதீர்கள், அது குற்ற வழக்கு. வெடிப்பு பேரிங் வீட்டைத் தொடவில்லை என்றால் உங்கள் கேஸையே ஆர்கான் வெல்டிங் செய்து, முகத்தை மில்லிங் போட்டுக்கொள்ளலாம். நம்பர் அதுவாகவே இருக்கும். வேறு கேஸ்தான் என்றால் பில்லோடு வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஞ்சின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றிய பிறகே சாலையில் இறக்குங்கள். வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் 2021 விதியின்படி விண்டேஜ் பதிவும் கேட்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் வேலைக்கு ஓட்ட முடியாது, எஞ்சினும் சேசிஸும் பெரிதாக மாற்றப்படாமல் அசலாக இருக்கவும் வேண்டும். ஆக, முதலில் வெல்டரிடம் கேஸைக் காட்டிவிட்டு அப்புறம் புதுப்பேட்டைக்குப் போங்கள்.