கடல் போன பிறகு வந்த கடற்படை

கேள்வி: பொது அறிவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகன், கடற்கரையே இல்லாத பொலிவியாவுக்குக் கடற்படை உண்டு என்று புத்தகத்தில் பார்த்துச் சொன்னான். அச்சுப்பிழையாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். உண்மை என்ன?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அச்சுப்பிழை இல்லை, அம்மா, உங்கள் மகன் படித்தது சரிதான். தென் அமெரிக்காவின் நடுவே மலையும் காடுமாகக் கிடக்கும் பொலிவியாவில், தரைப்படை, வான்படை ஆகியவற்றுக்குச் சமமான மூன்றாவது படையாகக் கடற்படை இருக்கிறது. ஏறத்தாழ 5,000 பேர் அதில் பணியாற்றுகிறார்கள். அதன் தலைமை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள லா பாஸ் நகரத்தில் இயங்குகிறது. ஆனால் அந்நாட்டுக்குக் கடல் இருந்த காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு போர்க்கப்பல்கூட அதனிடம் இருக்கவில்லை. 1879இல் தொடங்கிய போரில் கடலை இழந்து 80 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே கடற்படை அமைக்கப்பட்டது. அந்த வரலாற்றில் என்னை மிகவும் வருந்த வைப்பது இதுதான்.

1825இல் விடுதலை பெற்ற பொலிவியாவுக்குப் பசிபிக் பெருங்கடலை ஒட்டிச் சுமார் 400 கிலோமீட்டர் கடற்கரை இருந்தது. மக்களில் பெரும்பாலோர் மலைமேல் வாழ்ந்தார்கள். துறைமுகங்களோ அட்டகாமா பாலைவனத்துக்கு அப்பால் கிடந்தன. அந்தப் பாலைவனத்தில் வெடியுப்பு கிடைத்தபோது, அதைத் தோண்ட வந்த தொழிலாளர்களும் முதலாளிகளும் பெரும்பாலும் சிலி நாட்டிலிருந்தே வந்தார்கள். சிலி நாட்டு நிறுவனங்களின் மீது 25 ஆண்டுகளுக்குப் புதிய வரி விதிப்பதில்லை என்று 1874இல் உடன்படிக்கை செய்துகொண்ட பொலிவியா, 1878இல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குவிண்டால் (அங்கே சுமார் 46 கிலோ) வெடியுப்புக்கும் 10 சென்டாவோ (சில்லறைக் காசு) வரி கேட்டது. அங்கே வெடியுப்பு எடுத்த சிலி நிறுவனம் கட்ட மறுத்தது. அதன் சொத்தை ஏலம் விடக் குறித்திருந்த 1879 பிப்ரவரி 14ஆம் தேதியன்றே சிலியின் படை ஆன்டோஃபகஸ்டா துறைமுகத்தில் வந்து இறங்கியது.

அதன் பிறகு நடந்ததைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. 1783 ஜூன் மாதத்தில் ஆங்கிலேயப் படை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த நம் ஊரைத் தரைவழியாக முற்றுகையிட்டிருந்தபோது, 20ஆம் தேதி இதே கடலில் தளபதி சுப்ரேனின் 15 பிரெஞ்சுக் கப்பல்கள் 18 ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதின. ஆங்கிலேயக் கப்பல்கள் சென்னைக்குத் திரும்பிவிடவே, கடல்வழி உதவியை நம்பிக் கரையில் நின்ற ஆங்கிலேயப் படையின் கை தளர்ந்தது. கடல் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே கரையும் சாய்கிறது. அட்டகாமாவில் அது இன்னும் கடுமையான உண்மை. தண்ணீர் இல்லாத பாலைவனத்தில் படைக்குச் சோறும் குண்டும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். பொலிவியா தன்னோடு கூட்டுச் சேர்ந்த பெருவின் கப்பல்களை நம்பியிருந்தது. பெருவின் இரண்டு பெரிய கவசக் கப்பல்களில் இன்டிபென்டென்சியா 1879 மே 21 அன்று பாறையில் மோதி அழிந்தது. மற்றொன்றான உவாஸ்கர் தளபதி மிகேல் கிராவின் கீழ் மாதக்கணக்கில் சிலியைத் தனியாக அலைக்கழித்து, அக்டோபர் 8ஆம் தேதி அங்காமோஸ் முனையருகே பிடிபட்டது. கிராவ் அந்தச் சண்டையில் உயிரிழந்தார். அதோடு கடல் சிலியின் வசமாயிற்று. 1880 மே மாதம் பெருவின் தாக்னா நகர் அருகே தோற்ற பொலிவியப் படை மலையேறித் திரும்பியது. 1904 உடன்படிக்கையில் கடற்கரை முழுவதையும் பொலிவியா எழுதிக் கொடுத்தது.

கேள்வி: அப்படியானால் அந்தக் கடற்படைக்கு வேலை என்ன? அது எப்படி அமைக்கப்பட்டுள்ளது?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: 1963இல் 'ஆறு, ஏரிப் படை' என்ற பெயரில்தான் அது தொடங்கப்பட்டது, 1966இல் கடற்படை என்ற பெயர் பெற்றது. முதலில் வைத்த பெயர் அதன் வேலையை உள்ளபடி சொல்லிவிடுகிறது. அமேசானுக்கு நீர் கொண்டுசெல்லும் மமோரே, பெனி, மாத்ரே தே தியோஸ் ஆறுகளும், தென்கிழக்கில் பராகுவே ஆறும், மேற்கே டிடிகாகா ஏரியும் அதன் பொறுப்பில் உள்ளன. இந்த நீர்ப்பரப்புகளை மாவட்டங்களாகப் பிரித்து ரிபெரால்டா, குவாயாராமெரின், திரினிதாத் போன்ற ஆற்றங்கரை ஊர்களில் தளங்கள் அமைத்திருக்கிறார்கள். ரோந்துப் படகுகளும் சிறு கலங்களுமே அதன் பலம். கடத்தலைத் தடுப்பதும், போதைப்பொருள் கொண்டுசெல்லும் படகுகளைத் துரத்துவதும், வெள்ளக்காலத்தில் மக்களைக் கரையேற்றுவதும், சாலை போகாத ஊர்களுக்கு மருத்துவர்களைக் கொண்டுசேர்ப்பதும் அதன் அன்றாடப் பணிகள். தென்பெண்ணையும் கெடிலமும் கரைபுரண்ட நாள்களில் படகுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பணியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

டிடிகாகா ஏரி சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை இரண்டாகப் பிரிக்கும் திக்கினா நீரிணையின் கரையில் ஒரு தளம் உள்ளது. அங்கே பேருந்து வந்து நின்றதும் பயணிகள் இறங்கிச் சிறு விசைப்படகில் ஏறிக்கொள்ள, வெறும் பேருந்து மட்டும் தட்டையான மரத் தெப்பத்தில் ஆடி ஆடி அக்கரை சேர்கிறது. சீருடை அணிந்த கடற்படை வீரர்கள் அந்தக் கரையில்தான் பயிற்சி பெறுகிறார்கள். அவர்களுடைய நீலக் கொடியின் மூலையில் நாட்டுக்கொடியும், அதைச் சூழ்ந்து 9 மாநிலங்களுக்கு 9 சிறு நட்சத்திரங்களும் உண்டு. தனியே பெரிதாக நிற்கும் பொன்நிற நட்சத்திரம் இழந்துபோன கடற்கரையைக் குறிப்பது.

கேள்வி: இழந்த கடல் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்குமா?
— கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்

பதில்: சட்டத்தின் வழியே கிடைப்பது அரிது. கடல்வழி தருவது குறித்துச் சிலி தன்னோடு பேச்சு நடத்தக் கடமைப்பட்டது என்று 2013இல் பொலிவியா தி ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அப்படி ஒரு சட்டக் கடமை இல்லை என்று 2018 அக்டோபர் 1 அன்று 12 நீதிபதிகள் ஒரு பக்கமும் 3 நீதிபதிகள் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. கையெழுத்திட்ட உடன்படிக்கை இருக்கும்போது இத்தீர்ப்பு சரியானதே என்பது என் கருத்து. ஆயினும் இரு நாடுகளும் விரும்பிப் பேசுவதற்கு இது தடையாகாது என்று நீதிமன்றமே சொல்லியிருப்பதை மறக்கக் கூடாது.

பொலிவிய மக்கள் கோரிக்கையைக் கைவிடவில்லை. ஆண்டுதோறும் மார்ச் 23ஆம் தேதியைக் கடல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1879இல் அதே நாளில் கலாமா ஊரருகே ஆற்றுப்பாலத்தைக் காத்து நின்ற எடுவார்டோ அபரோவா படைவீரர் அல்லர், சாதாரணக் குடிமகன். சரணடையச் சொன்னவர்களிடம், 'உன் பாட்டியைப் போய்ச் சரணடையச் சொல்' என்று சொல்லிவிட்டு உயிர்விட்டதாக அந்நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் சிலைக்கு மாலையிடும் அந்நாளிலும், பொலிவியாவின் சரக்கு சிலியின் ஆரிகா துறைமுகம் வழியாகக் கடல் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. லா பாஸிலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு 1913இல் திறக்கப்பட்ட ரயில் பாதையை, 1904 உடன்படிக்கைப்படி சிலியே போட்டுக் கொடுத்தது.